மகனை யாராவது கேட்டார்களா?

நேயர்களுக்கு வணக்கம். மத சுதந்திரம், பெற்றோர் உரிமை, உயிரின் மதிப்பு, இந்த மூன்றும் கோர்ட்டில் ஒன்றோடொன்று மோதினால் என்ன ஆகும் என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். திருவாரூர் வக்கீலிடம் இதைக் கேட்டால் அவன் எங்கே தொடங்குவான்? கல்தேரில்தான். கோயிலுக்கு வெளியே நிற்கிறதே, அதேதான்.

கதை உங்களுக்குத் தெரியும். கன்றுக்குட்டி தேர்க்காலில் சிக்கிச் செத்தது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை இழுத்தது. மனுநீதிச் சோழன் தன் ஒரே மகனைத் தேர்க்காலில் இட்டான். உயர் நீதிமன்ற வளாகத்தில் அவனுக்குச் சிலை இருக்கிறது. கலெக்டர் ஊருக்கு வந்து மனு வாங்கும் நாளுக்கு மனுநீதி நாள் என்றே பெயர். சின்ன வயதில் நானும் சிலிர்த்துக் கேட்ட கதைதான். கறுப்புக் கோட்டு மாட்டிய பிறகு ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருக்கிறது. கன்றுக்கு நியாயம் கேட்கப் பசு இருந்தது. மகனுக்காகப் பேச யார் இருந்தார்கள்? தேரை ஓட்டச் சொல்லி ராஜா மந்திரியை அனுப்பினான். அவர் மனம் துணியாமல் தன் உயிரையே விட்டார். அப்புறம் ராஜாவே ஓட்டினான். கன்று, மந்திரி, மகன், ஆக மூன்று உயிர். அப்பா தன் தர்மத்தைக் காப்பாற்றிக்கொண்டார், சரி. ஆனால் அது அப்பாவின் தர்மம். அதற்கு உயிரைக் கொடுத்தவன் மகன். கடைசியில் சிவபெருமான் வந்து எல்லோரையும் எழுப்பிவிட்டார் என்பீர்கள். எங்கள் கோர்ட்டில் அப்படி ஒரு அப்பீலுக்கு வழியில்லை.

1944-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு மாசசூசெட்ஸ் மாநிலத்திலிருந்து ஒரு வழக்கு வந்தது. யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த ஒரு பெண், தன் பொறுப்பில் வளர்ந்த ஒன்பது வயதுச் சிறுமியை ராத்திரியில் தெருவுக்குக் கூட்டிப்போய்ச் சமயப் பத்திரிகை விற்க வைத்தார். சிறுவர்கள் தெருவில் விற்பதற்கு அங்கே தடை. இது எங்கள் மதக் கடமை என்று வாதாடினார், தோற்றார். பெற்றோர் தியாகிகளாக ஆசைப்பட்டால் ஆகிக்கொள்ளலாம், ஆனால் தானே முடிவெடுக்கும் வயது வராத பிள்ளையைத் தியாகி ஆக்க அவர்களுக்கு உரிமை கிடையாது என்றது அந்தத் தீர்ப்பு. கல்தேரைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வரிதான் ஞாபகம் வரும்.

எல்லா வழக்கும் இவ்வளவு சுலபமாக இருப்பதில்லை. 2000-இல் இங்கிலாந்தில் ஒரு கத்தோலிக்கத் தம்பதிக்கு ஒட்டிப் பிறந்த இரண்டு பெண் குழந்தைகள். கோர்ட் அவர்களுக்கு வைத்த பெயர் ஜோடி, மேரி. மேரியின் இதயமும் நுரையீரலும் உதவவில்லை. ஜோடியின் இதயம்தான் இருவருக்கும் ரத்தம் ஓட்டியது. பிரித்தால் மேரி உடனே இறப்பாள். பிரிக்காவிட்டால் சில மாதங்களில் இரண்டு பேரும் போய்விடுவார்கள் என்றார்கள் டாக்டர்கள். கடவுள் சித்தப்படி விட்டுவிடுங்கள் என்றார்கள் பெற்றோர். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கோர்ட் பிரிக்கச் சொன்னது. மேரி இறந்தாள், ஜோடி பிழைத்தாள். நான் அந்தத் தீர்ப்பின் பக்கம்தான், ஆனால் சந்தோஷமாக அல்ல. அந்த வழக்கில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. சாகப்போகிற மேரிக்காகவும் தனியாக ஒரு வக்கீல் வாதாடினார். நம் இளவரசனுக்கு அது கிடைக்கவில்லை, பாருங்கள்.

அதற்காகப் பெற்றோரின் நம்பிக்கையில் எல்லாம் கோர்ட் மூக்கை நுழைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எங்கள் பக்கம் பிள்ளைகள் பிறந்து பிறந்து தவறினால், அடுத்ததைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, தவிட்டை விலையாகக் கொடுத்துத் திரும்ப வாங்குவார்கள். மூக்குக் குத்திப் பிச்சை என்று பெயர் வைப்பார்கள். வேளாங்கண்ணியில் மொட்டை அடிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் இந்துப் பிள்ளைகளாக இருப்பார்கள். இதில் பிள்ளைக்கு என்ன கெடுதல்? அழுகை பத்து நிமிஷம், அவ்வளவுதான்.

கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேர் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடுவது தங்கள் மதத்துக்கு ஆகாது என்று பாடவில்லை. பள்ளி வெளியே அனுப்பியது. திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று 1986-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு அது. அந்த நம்பிக்கை நமக்குச் சரியாகப் படுகிறதா என்று அவர் பார்க்கவில்லை, உண்மையாகவே நம்புகிறார்களா என்று பார்த்தார். இன்னொன்று, நம் டெல்டாவில் நிறையப் பேர் மிஷன் பள்ளியில் படித்தவர்கள். அரசு உதவி வாங்கும் பள்ளியில் மத போதனைக்குப் பிள்ளையை உட்கார வைக்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவு சொல்கிறது. எத்தனை பெற்றோருக்கு இது தெரியும்?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கையைக் காட்டுகிறார். சமணர்கள் சாகும்வரை இருக்கும் உண்ணாநோன்பைத் தற்கொலை முயற்சி என்று 2015-இல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் சொன்னதும், அதே மாதம் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்ததும், அப்புறம் உறையூரை ஆண்ட கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து, அதாவது உண்ணாமலிருந்து உயிர்விட்டதும் பேச நினைத்திருந்தேன். நேரமில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். மீள முடியாத நிலை வந்தால் எனக்குச் செயற்கைக் கருவிகள் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்க 2018-இல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது, 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி ஒருவரின் கையெழுத்து, இவ்வளவு போதும். ஒரு பிரதியைக் குடும்ப டாக்டரிடம் கொடுத்துவையுங்கள். பீரோவுக்குள் பூட்டிவைத்தால் அவசரத்துக்கு அகப்படாது. வணக்கம்.