இலைக் கணக்கும் பண்டில் கணக்கும்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

கல்யாணத்துக்குச் சமையல் காண்ட்ராக்ட் பேசும் இடத்தில் இருந்திருப்பீர்கள். "இலைக்கு எவ்வளவுங்க?" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். இலைக்கு ஒரு வடை, ஒரு ஜாங்கிரி. 500 இலை என்றால் வடையும் 500. ஆனால் பாத்திர வாடகை? சாமான் ஏற்றி வரும் வண்டிக் கூலி? இலை ஒன்றிரண்டு கூடினாலும் குறைந்தாலும் அது அப்படியேதான் இருக்கும். பேசுகிற இரண்டு பேருக்கும் இது தெரியும் என்பதால் யாரும் தனியாக எழுதி வைப்பதில்லை. இதே கணக்கைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தால், எது இலையோடு பெருகும், எது பெருகாது என்று வரிவரியாகச் சொல்லியாக வேண்டும். அந்த வேலையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பெரிய கம்பெனிகள் கொட்டேஷன் போடுவதற்கென்றே மென்பொருள் வைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்று, சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற அமெரிக்க மென்பொருள் கம்பெனியின் சி.பி.க்யூ. (கன்ஃபிகர், ப்ரைஸ், கோட் என்பதன் சுருக்கம்). ஸ்டீல்பிரிக் என்ற கம்பெனி உருவாக்கியது அது. அந்தக் கம்பெனியை வாங்கப்போவதாக சேல்ஸ்ஃபோர்ஸ் 2015 டிசம்பரில் அறிவித்தது. இதற்கென்று ஒரு சான்றிதழ் தேர்வும் உண்டு. 60 கேள்விகள், 105 நிமிடம். கணக்குப் பார்த்தால் ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடையாது. அதில் பலரைத் தடுமாற வைக்கும் பகுதி பண்டில். பல பொருள்களைச் சேர்த்து ஒரே தொகுப்பாக விற்பதைத்தான் அப்படிச் சொல்கிறோம்.

2025-இல் சேல்ஸ்ஃபோர்ஸ் இந்த மென்பொருளைப் புது வாடிக்கையாளர்களுக்கு விற்பதை நிறுத்திவிட்டது. அப்புறம் எதற்கு இதைப் படிக்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். ஏற்கெனவே வாங்கிய கம்பெனிகள் இதில்தான் கொட்டேஷன் போட்டுக்கொண்டிருக்கின்றன. அதைப் பராமரிக்க ஆள் வேண்டும். பண்டில் என்கிற சிந்தனை வேறு மென்பொருளுக்குப் போனாலும் கூடவே வரும். தேர்வுக்குப் பணம் கட்டும் முன், சேல்ஸ்ஃபோர்ஸின் பயிற்சி இணையதளமான டிரெயில்ஹெட்டில் அந்தத் தேர்வின் இன்றைய நிலையை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். நான் முதன்முதலில் அமைத்த பண்டில் ஒரு லேப்டாப் தொகுப்பு. லேப்டாப், அதோடு பை, மவுஸ், கூடவே ஒருமுறை மட்டும் வாங்க வேண்டிய இன்ஸ்டலேஷன் கட்டணம் 15,000 ரூபாய். ஒரு லேப்டாப் போட்டுச் சோதித்தேன். எல்லாம் சரியாக வந்தது. சில வாரம் கழித்து ஒரு வாடிக்கையாளருக்கு 40 லேப்டாப்புக்குக் கொட்டேஷன் போனது. இன்ஸ்டலேஷன் வரியில் 6,00,000 ரூபாய்! அங்கே கொள்முதல் பார்க்கும் அம்மா போன் செய்து, "தம்பி, ஒரு தடவை வந்து போறதுக்கு ஆறு லட்சமா?" என்று கேட்டார். மென்பொருள் எந்த எச்சரிக்கையும் காட்டவில்லை. நான் சொன்னதை அது அப்படியே செய்திருந்தது.

தவறு இருந்தது ஒரே ஒரு இடத்தில். பண்டிலுக்குள் வரும் ஒவ்வொரு பொருளுக்கும் ப்ராடக்ட் ஆப்ஷன் என்று ஒரு பதிவு இருக்கும். அதில் வகை என்று ஒரு கட்டம். அங்கே காம்போனென்ட் என்று போட்டால், தாய்ப்பொருளின், அதாவது லேப்டாப்பின், எண்ணிக்கையோடு இதுவும் பெருகும்; அது வடை. ரிலேட்டட் ப்ராடக்ட் என்று போட்டால் தன் எண்ணிக்கையிலேயே நிற்கும். அது வண்டிக் கூலி. இன்ஸ்டலேஷனுக்கு நான் காம்போனென்ட் போட்டிருந்தேன். எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறவரை இரண்டுக்கும் ஒரே விடைதான் வரும் என்பதால், என் சோதனையில் அது தெரியவே இல்லை.

தேர்வும் இப்படித்தான் கேட்கிறது. கட்டத்தின் பெயரை நேராகக் கேட்பது குறைவு. விற்பனை மேலாளர் ஒருவர் சொல்லும் ஒரு வாக்கியத்தைக் கொடுப்பார்கள். எந்தச் சொல்லில் எந்தக் கட்டம் ஒளிந்திருக்கிறது என்று நாம்தான் காது கொடுத்துக் கேட்க வேண்டும். "மூன்று வாரன்ட்டியில் கட்டாயம் ஒன்று, ஒன்றுக்கு மேல் கூடாது" என்றால் ரூல் எழுத ஓட வேண்டாம். அந்த மூன்றையும் ஃபீச்சர் என்கிற ஒரு பிரிவுக்குள் வைத்து, குறைந்தபட்சம் 1, அதிகபட்சம் 1 என்று போட்டால் முடிந்தது. "எப்போதும் இருக்க வேண்டும், எடுக்க முடியக்கூடாது" என்றால் ரிக்வயர்ட் என்ற கட்டம். "முதலிலேயே டிக் ஆகியிருக்கட்டும், வேண்டாதவர் எடுத்துவிடலாம்" என்றால் செலக்டட். "விலை லேப்டாப்பிலேயே அடக்கம்" என்றால் பண்டில்ட்.

எனக்குத் தெரிந்து அதிகம் பேர் சறுக்கும் இடம் இன்னொன்று. இந்த இரண்டு வாக்கியங்களையும் கேளுங்கள். டாக் என்பது லேப்டாப்பைச் செருகி வைக்கும் துணைக்கருவி. "டாக் எடுத்தவர் மட்டும்தான் அடாப்டர் எடுக்க முடியும்." "டாக் எடுத்தால் அடாப்டர் தானாகவே வந்துவிட வேண்டும்." காதுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். முதலாவதற்கு ஆப்ஷன் கன்ஸ்ட்ரெயின்ட், அதிலும் டிபெண்டென்ஸி வகை போதும். அது கதவைத் திறந்துவிடும், அவ்வளவுதான். அடாப்டரைக் கைபிடித்து உள்ளே கூட்டி வராது. தானாக வர வேண்டுமென்றால் செலக்‌ஷன் வகை ப்ராடக்ட் ரூல் எழுத வேண்டும். எழுதிய பிறகு அதை அந்தப் பண்டிலோடு கன்ஃபிகரேஷன் ரூல் மூலம் இணைக்கவும் வேண்டும். இணைக்க மறந்தால் ரூல் பாட்டுக்கு ஒரு மூலையில் கிடக்கும். எல்லாம் சரியாக இருக்கிறதே, ஏன் வேலை செய்யவில்லை என்று ஒரு முழு மதியம் உட்கார்ந்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ப்ராடக்ட் ரூலில் வேலிடேஷன், அலெர்ட் என்ற வகைகளும் உண்டு. வேலிடேஷன், சேமிக்கவே விடாது. அலெர்ட், சொல்லிவிட்டு வழிவிடும். இவற்றில் எழுதும் எரர் கண்டிஷன் தவறான நிலையைத்தான் விவரிக்க வேண்டும். "ரேம் 16-க்குக் குறையக்கூடாது" என்று கேட்டால், கண்டிஷன் "16-க்குக் குறைவு" என்று இருக்க வேண்டும். அது உண்மையானால்தான் செய்தி வரும். அவசரத்தில் பலர் இதைத் தலைகீழாக எழுதிவிட்டு, சரியான கொட்டேஷன் போட்டவரையெல்லாம் நிறுத்திவைக்கிறார்கள்.

கேள்வி-பதில் கட்டுகளை மனப்பாடம் செய்து தேர்வுக்குப் போகிற வழக்கம் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. 40 லேப்டாப்புக்கான வரியைக் காட்டி ஒருவர் காரணம் கேட்கும்போது அந்தக் கட்டு உதவாது. சி.பி.க்யூ. போட்ட பயிற்சித் தளம் ஒன்றை டிரெயில்ஹெட்டில் இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம். அதில் கம்பெனிச் சரக்கைத்தான் வைக்க வேண்டும் என்றில்லை. உங்கள் தெருவில் மொபைல் கடை இருக்கிறதல்லவா? போன், கவர், டெம்பர்ட் கிளாஸ், கூடவே டோர் டெலிவரி. அதையே ஒரு பண்டிலாகக் கட்டுங்கள். டோர் டெலிவரிக்கு முதலில் காம்போனென்ட் போடுங்கள், அப்புறம் ரிலேட்டட் ப்ராடக்ட் என்று மாற்றுங்கள். இரண்டு தடவையும் போனின் எண்ணிக்கையை 1-லிருந்து 40-ஆக ஏற்றிவிட்டு, கடைசி வரியில் என்ன தொகை நிற்கிறது என்று பாருங்கள்.

வாய்ப்புக் கொடுத்த நிலையத்தாருக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.