நாலாவது பக்கம் திறந்திருக்கட்டும்

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஓய்வுபெற்ற நீதியரசர் அவர்களே, வேலைப்பளுவுக்கு நடுவிலும் வந்து சிறப்பித்திருக்கும் துணைவேந்தர் அவர்களே, வரவேற்புரையில் என் பேச்சில் பாதியைச் சொல்லிவிட்ட செயலாளர் அவர்களே, முன்வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, இமாம் அவர்களே, மழையைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய நூலகக் குழுவுக்குத் தனி நன்றி. இந்த அரங்கை வாடகை இல்லாமல் தந்த அறங்காவலர்களுக்கும் நன்றி சொல்லாமல் தொடங்கினால் அது மரியாதை ஆகாது.

யூத அறநூல்கள் போர்க்காலத்தில் எதிரி நாட்டுப் பொதுமக்களைப் பற்றி என்ன சொல்கின்றன என்பதே இன்றைய தலைப்பு. மூன்று செய்திகள் சொல்ல நினைக்கிறேன். ஒன்று முற்றுகை, இரண்டு பட்டினி, மூன்று சிப்பாயின் மனசாட்சி. அதற்கு முன் நம் ஊர்ப் பழமொழி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. இன்று இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

12-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் மருத்துவராக வாழ்ந்த மைமோனிடிஸ், யூதச் சட்டம் முழுவதையும் தொகுத்து எழுதினார். அதில் அரசர்களுக்கான பகுதியின் ஆறாம் அதிகாரம் போர் முறையைச் சொல்கிறது. படை போனதும் முதலில் சமாதானத்துக்கு அழைக்க வேண்டும். பழைய இஸ்ரவேல் படையின் தலைவரான யோசுவா மூன்று ஓலை அனுப்பினாராம். ஓட விரும்புகிறவன் ஓடலாம், சமாதானம் விரும்புகிறவன் வரலாம், போர் விரும்புகிறவன் போர் செய்யலாம். அழைப்பு பலிக்காமல் முற்றுகை போட நேர்ந்தால், ஊரை நாலு பக்கமும் வளைக்கக் கூடாது, மூன்று பக்கம்தான் வளைக்கலாம். ஓடுகிறவனுக்கும், உயிர் பிழைக்க நினைக்கிற ஒவ்வொருவனுக்கும் நாலாவது பக்கத்தை விட்டுவைக்க வேண்டும்.

மைமோனிடிஸுக்குப் பல நூற்றாண்டு முன்பே இந்த விதியைச் சொன்ன ரபி, அதாவது யூத மதகுரு, நாத்தான் இதை எங்கிருந்து எடுத்தார் தெரியுமா? வேதத்தில் எண்ணாகமம் 31-ஆம் அதிகாரத்திலிருந்து. மீதியான் மக்கள் மேல் இஸ்ரவேலர் நடத்திய போர் அது. பெண்களையும் ஆண் குழந்தைகளையும் கொன்ற கொடுமை அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. வேதத்தில் மிகக் கடினமான பக்கங்களில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து திறந்த வாசலை எடுத்திருக்கிறார்கள். அதனால்தான் இந்த மரபின் மேல் எனக்கு இவ்வளவு மதிப்பு.

13-ஆம் நூற்றாண்டு ரபியான நாக்மனிடிஸ் இதற்கு இரண்டு காரணம் சொன்னார். எதிரியிடமும் இரக்கம் காட்டப் பழக வேண்டும் என்பது ஒன்று. வழி இருந்தால் அவன் ஓடுவான், வழி இல்லையென்றால் உயிரைக் கொடுத்துச் சண்டை போடுவான் என்பது இன்னொன்று. இரக்கமும் போர்த்தந்திரமும் ஒரே வாசலில் சந்திக்கின்றன. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்றோமே, அந்த வாசலை அடைக்கிறவன் அவன்தான். வேதமே கட்டளையிட்ட கடமைப் போருக்கு இந்த விதி பொருந்தாது என்று நாக்மனிடிஸ் பிரித்தார். மைமோனிடிஸ் அந்த விதியில் அப்படிப் பிரித்து எழுதவில்லை.

இது ஏட்டுச் சர்ச்சையாக நின்றுவிடவில்லை. 1982-இல் இஸ்ரேல் படை மேற்கு பெய்ரூட்டை வளைத்தபோது, அந்நாட்டின் தலைமை ரபியாக இருந்த ஷ்லோமோ கோரன் இதே விதியைக் காட்டி, ஒரு பக்கம் திறக்க வேண்டும் என்று எழுதினார். ராணுவ ரபித் துறையைத் தொடங்கியவரே அவர்தான். ரபி ஷாவுல் இஸ்ரேலி அதை மறுத்து எழுதினார். ஆகஸ்டில் பாலஸ்தீனப் போராளிகள் கப்பலேறிப் போனார்கள். போனவர்களுக்கு வழி கிடைத்தது, தங்கிவிட்டவர்களுக்குக் காவல் கிடைக்கவில்லை. செப்டம்பர் 16 முதல் 18 வரை பெய்ரூட்டில் பாலஸ்தீன அகதிகள் இருந்த சப்ரா, ஷத்தீலா முகாம்களில், லெபனான் கிறிஸ்தவர்களின் ஃபலாஞ்சிஸ்ட் ஆயுதக் குழு புகுந்து பொதுமக்களைக் கொன்றது. சுற்றி நின்றது இஸ்ரேல் படை. ஒரு வாரம் கழித்து இதைக் கண்டித்து இஸ்ரேலின் டெல் அவிவில் திரண்ட கூட்டம் 4 லட்சம் என்று அன்று சொன்னார்கள். அந்தக் கூட்டம் கேட்ட விசாரணைக் குழு அமைந்தது; பாதுகாப்பு அமைச்சர் ஷரோன் பதவியில் இருக்கக் கூடாது என்று 1983-இல் அது சொன்னது. திறந்த வழியால் மட்டும் வேலை முடிவதில்லை, போக முடியாதவனுக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பதை அந்தச் செப்டம்பர் காட்டிவிட்டது.

இப்போது தாய்மார்களுக்காக ஒரு கதை. இரண்டாம் ராஜாக்கள் 6-ஆம் அதிகாரம். சீரியா ராஜா எங்கே பதுங்கினாலும் இஸ்ரவேல் ராஜாவுக்குத் தெரிந்துவிடுகிறது. "நம்மில் எவன் துரோகி?" என்று கத்துகிறான். "யாருமில்லை ராஜாவே, உங்கள் படுக்கையறையில் பேசுவதையும் எலிசா தீர்க்கதரிசி அங்கே சொல்லிவிடுகிறார்" என்கிறான் ஒருவன். ஒற்றை மனிதரைப் பிடிக்கக் குதிரை, தேர், பெரும்படை எல்லாம் ராத்திரியோடு ராத்திரியாகத் தோத்தானை வளைக்கின்றன. விடியற்காலையில் வெளியே வந்த வேலைக்காரப் பையன் வெலவெலத்துப் போகிறான். "ஐயோ, ஆண்டவனே, என்ன செய்வோம்?" எலிசா ஜெபிக்கிறார், படைக்குக் கண் மயங்குகிறது. "இது வழியல்ல, என் பின்னே வாருங்கள்" என்று அழைத்துப் போகிறார். எங்கே? நேராகச் சமாரியாவுக்கு, எதிரியின் தலைநகருக்கு நடுவில்! கண் திறந்து பார்த்தால் சுற்றிலும் இஸ்ரவேல் வீரர்கள். ராஜாவுக்குக் கை துடிக்கிறது. "வெட்டட்டுமா தகப்பனே, வெட்டட்டுமா?" இரண்டு தடவை கேட்கிறான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு! எலிசா சொல்கிறார்: "வெட்டாதே. அப்பமும் தண்ணீரும் வை. சாப்பிட்டுவிட்டுத் தங்கள் எஜமானிடம் போகட்டும்." ராஜா பெரிய விருந்தே வைத்தான். சீரியக் கொள்ளைக் கூட்டம் அப்புறம் அந்தப் பக்கம் வரவில்லை என்று முடிகிறது.

அதே அதிகாரத்தில், அடுத்த வசனத்திலேயே முற்றுகை தொடங்குகிறது. பின்னால் சீரியா ராஜா பெனாதாத் சமாரியாவை வளைத்தபோது ஒரு கழுதைத் தலை 80 வெள்ளிக்காசுக்கு விற்றது. தாய் பிள்ளையைச் சமைத்தாள். விருந்தும் பட்டினியும் ஒரே பக்கத்தில்.

பட்டினிக்கு வந்துவிட்டோம். முற்றுகையில் கனிமரத்தை வெட்டாதே என்கிறது உபாகமம் 20. மைமோனிடிஸ் இன்னும் ஒரு படி போகிறார்: மரம் வாடிப் போகும்படி வாய்க்கால் தண்ணீரைத் திருப்பிவிடுவதும் குற்றம். மரத்துக்கே தண்ணீரை நிறுத்தக் கூடாது என்றால் மனிதனுக்கு நிறுத்தலாமா? சிறியதற்கே இவ்வளவு என்றால் பெரியதற்கு எவ்வளவு என்று வாதிடுவது, ரபிக்களின் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூத்தைப் படிக்கும் மாணவனின் அன்றாடப் பழக்கம்.

2023 அக்டோபர் 7-இல் ஹமாஸ் சுமார் 1,200 பேரைக் கொன்று, 251 பேரைப் பிணை பிடித்தது பெருங்குற்றம். அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஆனால் ஆறே நாளில், அக்டோபர் 13-இல், வடக்கு காஸாவில் இருந்த சுமார் 11 லட்சம் பேரை 24 மணி நேரத்தில் தெற்கே போகச் சொன்னது இஸ்ரேல் படை. டயாலிசிஸ் நோயாளி எப்படிப் போவார்? இன்குபேட்டர் குழந்தை எப்படிப் போகும்? 2025 மார்ச் 2 முதல் 11 வாரம் உணவு, மருந்து எதையும் இஸ்ரேல் காஸாவுக்குள் விடவில்லை. அந்த ஜூலையில் நூற்றுக்கணக்கான ரபிக்கள், பட்டினியை ஆயுதமாக்காதே என்று கூட்டாகக் கடிதம் எழுதினார்கள். யூத மரபு என்ன சொல்கிறது என்று கேட்கிறவர்களுக்கு அந்தக் கடிதமும் பதில்தான்.

யூதப் புத்தாண்டில் ஆட்டுக்கடாக் கொம்பு ஊதுவார்கள். அதை எப்படி ஊத வேண்டும் என்பதைத் தல்மூத் யாரிடம் கற்றது? சிசெராவின் தாயிடம். இஸ்ரவேலை ஒடுக்கிய சேனாதிபதி அவன். யாகேல் என்ற பெண் கூடார முளையை அடித்து அவனைக் கொன்றாள். மகன் ஏன் இன்னும் வரவில்லை என்று ஜன்னல் வழியே பார்த்து அந்தத் தாய் அழுதாள். அது பெருமூச்சா, விம்மலா என்று ரபிக்களுக்குள் சந்தேகம். ஆகவே மூன்று நீண்ட முறிந்த ஒலியும் ஊதுகிறார்கள், ஒன்பது குறுகிய ஒலியும் ஊதுகிறார்கள். எதிரியின் தாய் அழுத அழுகை ஆண்டுதோறும் அவர்களுடைய ஜெபக்கூடத்தில் கேட்கிறது.

மூன்றாவதாகச் சொன்ன சிப்பாயின் மனசாட்சிக்கு நேரம் இல்லை. ஊரடங்கு நேரம் மாறியது தெரியாமல் வயலிலிருந்து திரும்பியவர்களை 1956-இல் இஸ்ரேலில் உள்ள கஃபர் காசிம் என்ற அரபுக் கிராமத்தில் இஸ்ரேலிய எல்லைக் காவலர்கள் சுட்டுக் கொன்றார்கள். அந்த வழக்கில், வெளிப்படையாகச் சட்டவிரோதமான கட்டளையின் மேல் கறுப்புக் கொடி பறக்கும் என்று நீதிபதி ஹலேவி எழுதினார். நீதியரசர் அவர்கள் ஒருநாள் இதைத் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வாசலில் மேசை மேல் ஒரு மனு இருக்கிறது. எந்த முற்றுகையிலும், யார் போட்டாலும், இவை எழுத்தில் இருக்க வேண்டும் என்று நம் நாட்டு வெளியுறவுத் துறையைக் கேட்கிறோம்: வெளியேறும் வழியும் நேரமும் அந்த மக்களின் மொழியில் அறிவிக்கப்பட வேண்டும், நோயாளிகளுக்கு வண்டியும் போதிய அவகாசமும் வேண்டும், தங்கிவிட்டவரைப் போராளியாகக் கணக்கிடக் கூடாது, தண்ணீரும் உணவும் நிற்கக் கூடாது, போனவர் திரும்பி வரும் உரிமை கையெழுத்தில் இருக்க வேண்டும். கடைசி வரி இல்லாத இடத்தில் திறந்த வழி விரட்டும் வழியாகிவிடுகிறது. பெயர், முகவரி, கையெழுத்து மூன்றும் வேண்டும். மாணவர்கள் 18 வயது நிரம்பியிருந்தால் போடலாம். அரங்கம் எட்டு மணி வரை திறந்திருக்கும்.