கடல் உப்பில் இல்லாத சத்து

நேயர்களுக்கு வணக்கம். கிராம சுகாதாரச் செவிலியராக நான் வேலை பார்த்தபோது, என் பையில் எப்போதும் ஒரு சின்ன மருந்துப் புட்டி இருக்கும். உப்பில் ஒரு சொட்டு விட்டால் போதும், அயோடின் இருந்தால் நீலமாகிவிடும். இல்லாவிட்டால் வெள்ளையாகவே கிடக்கும்.

ஒரு வீட்டில் மருமகள் மூன்று மாதக் கர்ப்பம். மாமியார் கல்லுப்பு ஜாடியை எடுத்து வந்தார். சொட்டு விட்டேன். நிறம் மாறவே இல்லை. "கடல்ல விளைஞ்ச உப்புல இல்லாத சத்தா, நர்ஸம்மா?" என்றார். நியாயமான கேள்விதானே? கடல்நீரில் அயோடின் உண்டு, ஆனால் மிகக் கொஞ்சம். பாத்தியில் உப்பு விளையும்போது அது உப்போடு தங்குவதும் இல்லை. கடல் மீனில் கிடைக்கும், கடல் உப்பில் கிடைக்காது. பக்கத்துக் கடையில் அயோடின் உப்பு வாங்கி, அந்த அம்மா கையாலேயே சொட்டு விடச் சொன்னேன். நீலம்! அன்றே ஜாடியில் உப்பு மாறியது.

ஏன் இத்தனை பிடிவாதம்? வயிற்றுக் குழந்தையின் மூளை வளரத் தைராய்டு சுரப்பு வேண்டும், அந்தச் சுரப்பு உண்டாக அயோடின் வேண்டும். முதல் மூன்று மாதம் அந்தச் சுரப்பு தாயிடமிருந்துதான் வரவேண்டும். அயோடின் மிகவும் குறைந்தால் காது கேளாமல், பேச்சு வராமல், அறிவு வளர்ச்சி குன்றிக் குழந்தை பிறக்கலாம். பிறந்தபின் எவ்வளவு அயோடின் கொடுத்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

1966-ல் பப்புவா நியூ கினியின் ஜிமி பள்ளத்தாக்கில் ஒரு பகுதிக் குடும்பங்களுக்கு அயோடின் எண்ணெய் ஊசி போட்டார்கள். ஊசி போட்டும் குறையோடு பிறந்த சில குழந்தைகளில் பெரும்பாலோர், அந்த நேரத்திலேயே கர்ப்பமாக இருந்த தாய்மாரின் பிள்ளைகள். கருத்தரிக்கும் முன்பே சத்து உடம்பில் இருக்க வேண்டும் என்பது அப்போது புரிந்தது. திரும்பவும் சொல்கிறேன், முன்பே.

அதற்காக உப்பைக் கூட்டிவிடாதீர்கள், ரத்த அழுத்தம் ஏறும். அளவு அதேதான், உப்பு மட்டும் மாறட்டும். பாக்கெட்டில் சிரிக்கும் சூரியன் படம் இருக்கிறதா என்று பாருங்கள். அயோடின் சேர்த்த கல்லுப்பும் கிடைக்கிறது. ஜாடியை மூடியே வையுங்கள்.

இரும்பு, துத்தநாகம் பற்றியும் பேச நினைத்திருந்தேன், நேரமாகிவிட்டது. ஒன்றே ஒன்று: ஃபோலிக் அமிலம். அது தாது அல்ல, வைட்டமின். கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் சரியாக மூட அது வேண்டும். அந்தக் குழாய் கருவுற்ற 28 நாளுக்குள் மூடிவிடும், பலருக்குக் கர்ப்பமே அப்போதுதான் தெரியவரும். அதனால் குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே செவிலியரிடம் அந்த மாத்திரையைக் கேளுங்கள். நன்றி, வணக்கம்.