ஓரக்கண்ணால் பார்க்க வேண்டிய வானம்

நேயர்களுக்கு வணக்கம். தொலைநோக்கி வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?" என்றுதான். அட்டைப்பெட்டி மீதும் 500 மடங்கு, 600 மடங்கு என்று போட்டிருப்பார்கள். நெபுலா என்ற விண்வெளி வாயு மேகம், விண்மீன் கொத்து, பலகோடி விண்மீன்கள் சேர்ந்த கேலக்ஸி, இவற்றைப் பார்க்க அந்தக் கணக்கு உதவாது. இவற்றில் பல நிலாவைவிட அகலமானவை. சிறிதாக இருப்பதால் அல்ல, மங்கலாக இருப்பதால்தான் நமக்குத் தெரிவதில்லை. அளவு மீறிப் பெரிதாக்கினால் இருக்கும் கொஞ்ச வெளிச்சமும் பரவிக் கரைந்துவிடும். முன்கண்ணாடி 50 மில்லிமீட்டர் உள்ள, பத்து மடங்கு காட்டும் பைனாகுலர் ஒன்று ஆரம்பத்துக்குத் தாராளம்.

அதைவிட முக்கியம் கண். இருட்டில் இருபது, முப்பது நிமிடம் இருந்தால்தான் கண் முழுதாகப் பழகும். நடுவில் ஒரு தடவை செல்போனைப் பார்த்தீர்களா, மறுபடி முதலிலிருந்து! டார்ச் வேண்டுமென்றால் சிவப்புக் கண்ணாடித்தாளை நாலைந்து மடிப்பாகச் சுற்றிக் கட்டுங்கள்.

அடுத்தது ஓரக்கண் பார்வை. விழித்திரையின் நட்டநடுவில் இருப்பவை கூம்பு செல்கள், அவை பகலுக்கு. மங்கிய ஒளியைப் பிடிக்கும் குச்சி செல்கள் சுற்றிலும்தான் இருக்கின்றன. அதனால் மங்கலான பொருளை நேராக முறைத்தால் மறைந்துவிடும். பக்கத்தில் பார்த்தால் தெரியும். எந்தப் பக்கம்? வலது கண்ணால் பார்த்தால் பொருளுக்குச் சற்று வலதுபுறம், இடது கண் என்றால் இடதுபுறம். மாற்றிப் பார்த்தால் பொருள் குருட்டுப்புள்ளியில், அதாவது விழித்திரையில் ஒளியே உணராத இடத்தில், விழக்கூடும். தொலைநோக்கிக் குழாயை லேசாகத் தட்டிவிட்டாலும் தெரியும். அசைவைப் பிடிப்பதில் அந்த ஓரப் பார்வை கெட்டி. திரும்பவும் சொல்கிறேன், நேராகப் பார்க்காதீர்கள்.

சரி, எதைப் பார்ப்பது? என் ஓட்டு ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கொத்துக்கு. மே மாதக் கடைசி, அமாவாசையை ஒட்டிய நாட்கள், இரவு ஒன்பது மணி. உச்சிக்குச் சற்றுத் தெற்கே வெண்ணிறமாகச் சித்திரை நட்சத்திரம் இருக்கும். கையை நீட்டி முட்டி மடக்கினால் அதன் அகலம் ஏறக்குறைய பத்து பாகை. சித்திரையிலிருந்து நேர் கீழே மூன்றரை முட்டி இறங்குங்கள். தென் அடிவானத்திலிருந்து எண்ணினால் மூன்று முட்டி உயரம். தெற்கே ஊர் வெளிச்சம் இல்லாத இடமாக இருக்க வேண்டும்.

பைனாகுலரை முதலில் ஏதாவது பிரகாசமான விண்மீனில் வைத்து, அது புள்ளியாகும்வரை ஃபோகஸ் செய்யுங்கள். ஃபோகஸ் கலைந்திருந்தால் எந்த விண்மீனும் நெபுலா மாதிரிதான் தெரியும்! முழங்கைகளை மொட்டைமாடிச் சுவரில் ஊன்றிக்கொள்ளுங்கள். தெரிவது உருண்டையான ஒரு பஞ்சுப் பொட்டு. சுமார் 17,000 ஒளியாண்டு தூரத்தில், ஏறக்குறைய ஒரு கோடி விண்மீன்கள். நாலங்குலத் தொலைநோக்கியில் ஓரங்கள் பொடிப்பொடியாகப் பிரியத் தொடங்கும். எட்டங்குலத்தில் நடுப்பகுதியும் பிரியும்.

பழைய வானியலாளர்கள் இதை ஒற்றை விண்மீன் என்றே பட்டியலிட்டார்கள். விண்மீன்களுக்கு வைக்கும் கிரேக்க எழுத்தான ஒமேகா இதற்கு வந்ததே அப்படித்தான். 1677-இல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து பார்த்த ஆங்கில வானியலாளர் எட்மண்ட் ஹாலிதான் இது விண்மீன் இல்லை என்று குறித்தார். பாரிஸிலிருந்து வானத்தைப் பார்த்த பிரெஞ்சு வானியலாளர் மெஸ்ஸியேயின் புகழ்பெற்ற பட்டியலில் 110 பொருட்கள் உண்டு, இது இல்லை. பாரிஸில் இது உதிப்பதே இல்லை! அந்த விஷயத்தில் மதுரைக்காரர் கொடுத்துவைத்தவர்.

நேரம் ஆகிவிட்டதென்று சைகை காட்டுகிறார்கள். ஓரையன் நெபுலாவும் ஆண்ட்ரோமெடா கேலக்ஸியும் பாக்கி. இரண்டுக்கும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரி முன்னிரவு சரி. ஓரையன் என்ற வேட்டைக்காரன் விண்மீன் கூட்டத்தில், அவன் வாளின் நடுவே தெரியும் அந்த நெபுலா படத்தில் செக்கச்சிவப்பு, கண்ணுக்குச் சாம்பல் நிறம், ஏமாந்துவிடாதீர்கள். ஆண்ட்ரோமெடாவை வடமேற்கில், அது சரிவதற்குள் தேடுங்கள். பார்த்து முடித்ததும் பைனாகுலரைச் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும். வணக்கம்.