ரீலோடிங் பிரஸ்: எதை வாங்குவது, எப்படிப் பூட்டுவது

[காட்சி: உள்ளங்கையில் சுட்டு முடித்த ஒரு பித்தளைக் கூடு]

சுட்டு முடித்த கூடு இது. வாய் கொஞ்சம் கறுத்து, லேசாக விரிந்திருக்கிறது. அடியில் பிரைமர், அதாவது ஊசி குத்தியதும் தீப்பொறி தரும் சின்ன மூடி; அதன் நடுவில் ஊசி குத்திய சின்னப் பள்ளம். குண்டு போய்விட்டது, வெடிமருந்து எரிந்துவிட்டது, பிரைமரும் தீர்ந்துவிட்டது. ஆனால் ஒரு தோட்டாவில் பெரும்பாலும் விலை கூடிய பாகம் இந்தக் கூடுதான். அது நம் கையிலேயே மிச்சம் இருக்கிறது.

பழைய பிரைமரைத் தள்ளிவிட்டு, விரிந்த கூட்டைச் சரியான அளவுக்குச் சுருக்கி, புதுப் பிரைமர் பதித்து, மருந்து போட்டு, குண்டை உட்கார வைத்தால் மறுபடியும் தோட்டா. இதில் பலம் தேவைப்படும் வேலைகளைச் செய்து தருவதுதான் பிரஸ். இந்த வீடியோவில் பிரஸ்ஸைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன். எந்தக் குண்டுக்கு எவ்வளவு மருந்து என்பதை நான் சொல்ல மாட்டேன். அதை மருந்துத் தயாரிப்பாளர் வெளியிடும் அட்டவணையிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒன்று. வீட்டில் தோட்டா செய்வதை உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறதா என்று பாருங்கள். சில நாடுகளில் சொந்த உபயோகத்துக்கு யாரும் செய்யலாம், சில நாடுகளில் உரிமம் இல்லாமல் தொட்டால் கடுமையான குற்றம். அதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு போல்ட்டைக்கூட வாங்காதீர்கள்.

[காட்சி: மூன்று பிரஸ்கள் பக்கத்தில் பக்கத்தில்]

சரி, பிரஸ்ஸுக்கு வருவோம். சந்தையில் மூன்று வகை இருக்கிறது. முதலாவது சிங்கிள் ஸ்டேஜ். மேலே ஒரே ஒரு டை, அதாவது கூட்டுக்கு வடிவம் தரும் எஃகு அச்சு. கீழே ராம் என்கிற ஏறி இறங்கும் தண்டு, அதன் தலையில் கூட்டின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டர். கைப்பிடியை இறக்கினால் ராம் மேலே ஏறி, கூட்டை டைக்குள் தள்ளும். ஒரு நேரத்தில் ஒரு கூடு, ஒரு வேலை. ஐம்பது கூடுகளையும் சுருக்கி முடித்து, டையை மாற்றி, அந்த ஐம்பதையும் அடுத்த வேலைக்கு எடுக்க வேண்டும். இரண்டாவது டரெட். மேலே நாலு முதல் எட்டு டைகள் வரை ஒரு வட்டத் தலையில் பூட்டியிருக்கும். கூடு இருந்த இடத்திலேயே இருக்க, தலை சுழன்று அடுத்த டையைக் கொண்டுவரும். மூன்றாவது ப்ரோக்ரெசிவ். இதில் கூடுகள் சுற்றிவரும். கைப்பிடியை ஒரு முறை இழுத்தால் நாலைந்து கூடுகளில் நாலைந்து வேலைகள் ஒரே நேரத்தில் நடந்து, ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு முழுத் தோட்டா கீழே விழும்.

வேகத்தைக் கேட்டால் எல்லாருக்கும் ப்ரோக்ரெசிவ் மேல் ஆசை வரும். மணிக்கு ஐம்பது செய்வதும் நானூறு செய்வதும் ஒன்றா? ஆனாலும் புதிதாகத் தொடங்குகிறவர்கள் சிங்கிள் ஸ்டேஜ் வாங்குங்கள் என்றுதான் நான் அழுத்திச் சொல்வேன். காரணம் கையில் இருக்கிறது. சிங்கிள் ஸ்டேஜில் ஒவ்வொரு வேலையும் கைப்பிடி வழியாகத் தனித்தனியாக உங்களுக்குத் தெரியும். பிரைமர் குழிக்குள் இறங்கும்போது முதலில் ஒரு சின்ன எதிர்ப்பு, அப்புறம் மெத்தென்று நிற்கும். குழி தளர்ந்துபோன கூட்டில் அந்த எதிர்ப்பே இருக்காது, அதைத் தூக்கிப் போட்டுவிடலாம். ப்ரோக்ரெசிவில் நாலு வேலைகளின் எதிர்ப்பும் ஒன்றாகக் கலந்துதான் கைக்கு வரும். எது எதனுடையது என்று பிரித்து உணர, தனித்தனியாக முன்பே பழகியிருக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 9 மி.மீ. போன்ற கைத்துப்பாக்கித் தோட்டாவில் வேகமாக எரியும் மருந்து பல நேரம் கூட்டின் பாதிகூட வராது. அதனால் ஒரே கூட்டில் இரண்டு முறை மருந்து விழுந்தாலும் வழியாமல், மேலே குண்டும் உட்கார்ந்துவிடலாம். அதைச் சுட்டால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கலாம். மருந்தே விழாமல் போனாலும் கெடுதல்தான். பிரைமரின் பலத்தில் மட்டும் குண்டு நகர்ந்து குழலுக்குள் சிக்கி நிற்கும், அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். டில்லான் கம்பெனியின் 550 மாதிரியான ப்ரோக்ரெசிவ் பிரஸ்ஸில் கூடுகள் நிற்கும் தட்டை ஒவ்வொரு முறையும் கையால்தான் சுழற்ற வேண்டும். நடுவில் யாராவது கூப்பிட்டு, திரும்பி வந்து, சுழற்றினோமா இல்லையா என்று மறந்தால் இரட்டை மருந்து விழ வழி உண்டு. தானாகச் சுழலும் பிரஸ்ஸிலும் பாதி இழுப்பில் நிறுத்திச் சிக்கலை எடுக்கும் நேரம்தான் கவனம் சிதறும் நேரம். கைத்துப்பாக்கிக்கு நிறையச் செய்பவர்கள் பின்னாளில் ப்ரோக்ரெசிவுக்குப் போகத்தான் போகிறீர்கள். போகும்போது மருந்து மட்டத்தைச் சோதிக்கும் டை ஒன்றையும், கூட்டின் உள்ளே நேராக அடிக்கும் ஒரு சின்ன எல்இடி விளக்கையும் சேர்த்து வாங்குங்கள். அப்போதும் பழைய சிங்கிள் ஸ்டேஜை விற்காதீர்கள். ரைபிளுக்கு அதுதான் கைகொடுக்கும்.

எந்த கம்பெனி என்று கேட்பீர்கள். வார்ப்பிரும்பில், முழு வளையமாக மூடிய ஓ வடிவச் சட்டம் உள்ள எதுவும் ஒரு ஆயுளுக்கு வரும். முன்பக்கம் திறந்த சி வடிவச் சட்டம் கைக்கு வசதி, ஆனால் பெரிய ரைபிள் கூட்டைச் சுருக்கும்போது கொஞ்சம் வாய் பிளக்கும். ஆர்சிபிஎஸ் கம்பெனியின் ராக் சக்கர் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்காவில் ஓரோவில் ஊரில் பிரெட் ஹண்டிங்டன் என்பவர் 1943இல் தொடங்கிய கம்பெனி அது. ராக் சக் என்பது அங்குள்ள ஒரு மலை அணில் வகை. அதை வேட்டையாடுவதற்கான குண்டுகளைச் செய்யத்தான் அவர் முதலில் டை செய்தார், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அந்தப் பழைய வார்ப்பிரும்பு வகைப் பிரஸ் ஒன்று யாரிடமாவது பழையதாகக் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். ராமைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் அதிகம் இல்லை என்றால் போதும்.

டை எந்த கம்பெனியாக இருந்தாலும் அநேகமாக எல்லாப் பிரஸ்ஸிலும் பொருந்தும். 7/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 மரை என்பதுதான் பொது அளவு. டில்லானின் ஸ்கொயர் டீல் பி மாதிரி தனக்கென்று தனி டை கேட்கும் பிரஸ்களும் உண்டு, வாங்கும்முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

[காட்சி: மேசையின் அடிப்பக்கம், போல்ட்டுகள்]

இப்போது பூட்டும் வேலை. பலரும் இதற்குப் பத்து நிமிடம்தான் ஒதுக்குகிறார்கள். நான் ஒரு முழு நாள் ஒதுக்கச் சொல்வேன்.

என் முதல் பிரஸ்ஸை ஒரு பழைய எழுதும் மேசையில்தான் பூட்டினேன். கைப்பிடி கடைசிவரை இறங்கியது போலவே தோன்றும். உண்மையில் மேசைதான் குனிந்திருக்கும், ராம் முழுதாக ஏறியிருக்காது. சில கூடுகள் சரியாகச் சுருங்கின, சில சுருங்கவில்லை. சில பிரைமர்கள் அடிமட்டத்துக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றன. டையைத்தான் ஒரு மாதம் சந்தேகப்பட்டேன். கடைசியில் மேசைமேல் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து, ஒரு கூட்டைச் சுருக்கிப் பார்த்தேன். தண்ணீர் தளும்பி வெளியே வந்தது. மருந்தும் பிரைமரும் அறைக்குள் வருவதற்கு முன்பே இந்தச் சோதனையை நீங்களும் செய்துவிடுங்கள். கைப்பிடி இறங்கும்போது தண்ணீரில் ஒரு நடுக்கம் மட்டும் இருந்தால் சரி. தளும்பினால் மேசையைச் சரிசெய்ய வேண்டும்.

கைப்பிடியைக் கீழே அழுத்தும்போது பிரஸ் முன்னால் சாயப் பார்க்கும், பின்பக்க போல்ட்டுகள் மேலே இழுபடும். ரைபிள் கூட்டின் கழுத்தைச் சரியான அளவுக்கு விரிக்க டையின் உள்ளே இருக்கும் உருண்டையைக் கழுத்திலிருந்து வெளியே இழுக்கக் கைப்பிடியைத் தூக்கும்போது முன்பக்க போல்ட்டுகள் இழுபடும். இப்படி இரண்டு பக்கமும் மாறி மாறி இழுப்பதால் மர ஸ்க்ரூ தாங்காது. மேசையைத் துளைத்து அடிவரை போகும் போல்ட் போடுங்கள். அடியில் பெரிய வாஷர், முடிந்தால் ஒரு இரும்புப் பட்டை. முக்கால் அங்குல பிளைவுட் இரண்டை ஒட்டி மேற்பலகையாக வைத்தால் நல்ல கனம். பிரஸ்ஸை இரண்டு கால்களுக்கு நடுவில் வைக்காமல், ஒரு காலுக்கு நேர் மேலே வையுங்கள். மேசையைச் சுவரோடு சேர்த்துப் பூட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

துளை போடுமுன் பிரஸ்ஸை மேசை விளிம்பில் வைத்து, கைப்பிடியை மேலிருந்து கீழ்வரை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அடியில் இருக்கும் இணைப்புக் கம்பிகள் பலகையில் இடிக்கக் கூடாது. கைப்பிடி கடைசிக்கு வரும்போது உங்கள் முதுகு குனியக் கூடாது. ப்ரோக்ரெசிவ் என்றால், மருந்து விழுந்த கூட்டின் உள்ளே உங்கள் கண் நேராகப் பார்க்கும் உயரம்தான் சரியான உயரம். முதல் நூறு இழுப்புக்குப் பிறகு எல்லா நட்டையும் இன்னொரு முறை இறுக்குங்கள். மரம் கட்டாயம் கொஞ்சம் அமுங்கியிருக்கும்.

[காட்சி: டை திருகப்படுகிறது, நெருக்கமாக]

கூட்டைச் சுருக்கும் டையை இப்படிப் பூட்ட வேண்டும். ஷெல் ஹோல்டரைத் துடைத்து மாட்டுங்கள். ராமை முழுதாக மேலே ஏற்றி, ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை டையைத் திருகுங்கள். ராமை இறக்கி, டையை இன்னும் எட்டில் ஒரு சுற்று. அங்குலத்துக்கு 14 மரை என்பதால் ஒரு முழுச் சுற்று சுமார் 1.8 மி.மீ., எட்டில் ஒரு சுற்று கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்தச் சின்னத் திருப்பத்தில்தான் கைப்பிடி கடைசியில் ஒரு அழுத்தத்தோடு மடங்கி நிற்கும். கைத்துப்பாக்கிக்கான கார்பைடு டைக்கு இது கூடாது. உள்ளே இருக்கும் கார்பைடு வளையம் கடினமானது, அதே சமயம் எளிதில் விரிசல் விடும். ஷெல் ஹோல்டருக்கும் அதற்கும் நடுவில் ஒரு காகிதம் அளவு இடைவெளி விடுங்கள். டையை அசையாமல் பூட்டும் லாக் ரிங்கை இறுக்கும்போது டைக்குள் ஒரு கூட்டை வைத்து, ராமை ஏற்றியபடியே இறுக்கினால் டை நடுவில் உட்காரும்.

கழுத்துக்குக் கீழே சரிவான தோள் உள்ள ரைபிள் கூட்டுக்கு எண்ணெய்ப் பூச்சு மறக்கவே கூடாது. மறந்தால் கூடு டைக்குள் சிக்கும், ராமை இறக்கும்போது ஷெல் ஹோல்டர் கூட்டின் விளிம்பைக் கடித்துப் பிய்த்துக்கொண்டு வரும். பூச்சு அதிகமானாலும் தோளில் குழி விழும். விரல்நுனியில் வழுக்கல் தெரிந்தால் போதும்.

குண்டை உட்கார வைக்கும் டையில் புதியவர்கள் அதிகம் தவறுவது வாய் மடிப்பில், அதாவது கூட்டின் வாயைக் குண்டோடு அழுத்துவதில்தான். வெறும் கூட்டை ராமில் வைத்து மேலே ஏற்றி, டையைத் திருகிக்கொண்டே வாருங்கள். கூட்டின் வாய் உள்ளே எதிலோ தட்டுவது விரலில் தெரியும். அங்கிருந்து ஒரு முழுச் சுற்றுப் பின்னால் எடுத்துப் பூட்டுங்கள். ஆழத்தை, டையின் நடுவில் குண்டை அழுத்தும் நடுத்தண்டால் மட்டும் சரிசெய்யுங்கள். வாயை அழுத்துவது தேவைப்பட்டால் அதற்குத் தனி டை. 9 மி.மீ. கூடு துப்பாக்கியின் தோட்டா அறைக்குள் தன் வாய் விளிம்பில்தான் நிற்கிறது. அதனால் குண்டு நுழைவதற்காக விரித்த வாயை நேராக்கும் அளவுக்கு மட்டும்தான் அழுத்த வேண்டும். ரிவால்வர் தோட்டாவில்தான் குண்டின் பள்ளத்துக்குள் வாயை மடிப்பது பழக்கம்.

வேலை செய்யும்போது கண்ணாடி போடுங்கள். மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பா மட்டும் இருக்கட்டும். பிரைமர்த் தூளில் பெரும்பாலும் ஈயம் உண்டு, அதனால் அங்கே எதையும் சாப்பிடாமல், முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ப்ரோக்ரெசிவில் பிரைமர் குழாய் நிறைந்திருக்கும்போது எது சிக்கினாலும் பலம் கொடுக்கவே வேண்டாம். ஒன்று வெடித்தால் குழாயில் இருக்கும் மற்றதும் சேர்ந்து வெடிக்கும்.

[காட்சி: கேலிப்பர், ஐந்து தோட்டாக்கள்]

எல்லாம் பூட்டியதும் மருந்தும் பிரைமரும் இல்லாமல் ஐந்து செய்யுங்கள். நீளத்தைக் கேலிப்பரில் அளந்து, அட்டவணையில் உள்ள நீளத்தோடு ஒப்பிடுங்கள். தோட்டாவைச் சோதிக்கும் கேஜ் இருந்தால் அதில் போட்டு, தானாக உள்ளே விழுகிறதா, தானாக வெளியே வருகிறதா பாருங்கள். குண்டின் மூக்கை மேசை விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி மறுபடி அளந்தால், குண்டு உள்ளே நகர்ந்ததா என்று தெரியும். ஐந்தும் சரி என்றால் டையிலும் பிரஸ்ஸிலும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். அந்த ஐந்தில் ஒன்றை எடுத்து, கூட்டின் பக்கவாட்டில் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு துளை போட்டு, டை பெட்டிக்குள்ளேயே வையுங்கள். அடுத்த முறை டை மாட்டும்போது அதை ராமில் ஏற்றி, நடுத்தண்டு குண்டைத் தொடும்வரை இறக்கினால் ஆழம் கிட்டத்தட்ட அங்கேயே வந்துவிடும். துளை இருப்பதால் யாரும் அதை உண்மைத் தோட்டா என்று எடுத்துவிடவும் மாட்டார்கள்.