விலை சொல்லும் உரிமை

நடுவர் அவர்களே, இரு அணிகளின் பேச்சாளர்களே, செவ்வாய்ப்பேட்டையிலும் அம்மாப்பேட்டையிலும் இன்று சற்று முன்னதாகவே கடையடைத்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் சேலத்துப் பெருமக்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

இணையத்தில் விளம்பரம் செய்து விற்கும் வணிகம் சிறுதொழில் செய்வோருக்கு விடுதலை தருகிறதா, புதிய விலங்கைப் பூட்டுகிறதா என்பது இன்றைய தலைப்பு. விடுதலையே என்ற அணியில் நின்று பேசுகிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணன், அடுத்தவர் கட்டிய தளத்தில் கடை விரித்தவர் ஒரே இரவில் தெருவுக்கு வந்துவிடுவார் என்றார். கைப்பேசியோடு கட்டிப்போடப்பட்டவருக்கு ஓய்வு ஏது என்று கேட்டார். மடிக்கணினியைத் திறந்தால் பணம் கொட்டும் என்று ஆசை காட்டி வகுப்புக் கட்டணம் பறிக்கும் கூட்டத்தையும் சுட்டிக்காட்டினார். இவற்றுக்கெல்லாம் பதில் சொல்வேன். அதற்கு முன், விடுதலை என்று நான் எதைக் கருதுகிறேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். கடற்கரையில் சாய்ந்தபடி சம்பாதிக்கும் ஒரு படத்தை விடுதலை என்று வைத்துக்கொண்டு எதிரணி அதை அடித்து வீழ்த்தியது. அந்தப் படத்தை நானும் நம்பவில்லை.

நான் சேலத்தை அடுத்த நெசவு ஊரான இளம்பிள்ளையைச் சேர்ந்தவள். என் அப்பா கூலிக்குத் தறி ஓட்டியவர். தறிக்கு வேண்டிய நீள இழையான பாவும் குறுக்கிழையான ஊடையும் முதலாளி கொடுப்பார். நெய்து கொடுத்த சேலைக்கு இவ்வளவு என்று கூலி வரும். முப்பது ஆண்டுகள் நெய்த அந்த மனிதருக்குத் தாம் நெய்த சேலையை உடுத்திய ஒரு பெண்ணின் முகம்கூடத் தெரியாது. அந்தச் சேலை எந்த ஊரில் என்ன விலைக்குப் போனது என்பதும் தெரியாது. சரக்குத் தேங்கிவிட்டால் பாவு வராது, அந்த மாதம் தறி நிற்கும், ஏன் நிற்கிறது என்று கேட்க ஓர் இடமும் இல்லை. வெள்ளியைக் கட்டியாக வாங்கி வந்து, கொலுசாகச் செய்து கொடுத்து, எடைக்குக் கூலி பெறும் பட்டறைக் குடும்பங்களின் நிலையும் ஏறத்தாழ இதுதான் என்பதை இந்த ஊருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெள்ளி விலை ஏறும்போது கூலியும் கூடவே ஏறிவிடுவதில்லை. வாங்குபவர் தயங்கினால் முதலில் விளக்கணைவது பட்டறையில்தான்.

தன் கையால் செய்த பொருளுக்குத் தானே விலை சொல்வதையும், ஒத்துவராத ஆர்டரை வேண்டாம் என்று மறுப்பதையும், எந்த நேரத்தில் உழைப்பது என்பதைத் தானே தீர்மானிப்பதையும்தான் நான் விடுதலை என்கிறேன். முதலாவது கைக்கு வராமல் மற்ற இரண்டும் வருவதில்லை. வாங்குபவரை அறியாதவரால் விலை சொல்ல முடியாது. வாங்குபவரை நமக்கும் நம்மை அவருக்கும் அறிமுகம் செய்துவைக்கும் வேலையே இணைய விளம்பரம்.

இந்த அறிமுகம் பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் உரியதாக இருந்த காலம் மாறியது 2016ஆம் ஆண்டில். அந்த ஏப்ரலில் யுபிஐ தொடங்கியது. செப்டம்பரில் ஜியோ வந்தபின் இணையக் கட்டணம் சரிந்தது. 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிறு கடைகளுக்கென்றே வாட்ஸ்அப் பிசினஸ் வெளியானது. அந்த ஆண்டு, அப்பாவுக்குக் கூலி கொடுத்த முதலாளியிடமே ஐந்து சேலைகளைக் கடனாக வாங்கி, காலை வெயிலில் வாசல் திண்ணையில் விரித்துப் படமெடுத்து, 'சிங்கிள் பீஸும் கொரியரில் அனுப்பப்படும்' என்ற ஒற்றை வரியோடு நான் விற்கத் தொடங்கினேன். இன்று எங்கள் ஊரில் அந்த வரியை எழுதாத வீடு குறைவு.

படத்தை அனுப்பினால் போதும், தொழில் நடந்துவிடும் என்று அப்போது நினைத்தேன். அது தவறு. மொத்தக் கடைக்காரர் அனுப்பும் படத்தை வாங்கி, மேலே நூறு ரூபாய் வைத்து இன்னொரு குழுவுக்குத் தள்ளிவிடும் ரீசெல்லிங் முறையில் முதலீடு தேவையில்லை என்பது உண்மைதான். வீட்டை விட்டு வெளியே வர இயலாத எத்தனையோ பெண்களுக்கு அது முதல் படியாக இருந்திருக்கிறது. அவர்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அதே படம் ஐம்பது பேரிடம் இருக்கும்போது பத்து ரூபாய் குறைத்துச் சொல்பவருக்கே ஆர்டர் போகும். அங்கேயும் விலையை வேறு யாரோதான் சொல்கிறார்கள். அது கூலித்தறியின் இன்னொரு வடிவம். அதிலேயே நின்றுவிட்டவர்களைப் பார்த்துத்தான் எதிரணி இதை விலங்கு என்று சொல்கிறது என்று கருதுகிறேன்.

என் தொழில் திரும்பியது ஒரு கேள்வியால். வாடிக்கையாளர் ஒருவர், தாம் வேறோர் இடத்தில் வாங்கிய சேலை அசல் பட்டுதானா என்று எப்படி அறிவது என்று கேட்டார். நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு இது தெரியாதா? ஓரத்தில் ஓர் இழையை உருவிக் கொளுத்தினால், அசல் பட்டாக இருந்தால் தலைமுடி கருகும் நாற்றம் வரும், சாம்பலை விரலால் தேய்த்தால் பொடியும். பாலியஸ்டர் உருகி மணியைப் போலத் திரளும். அப்பாவின் கையில் இரண்டு இழைகளையும் கொடுத்து அதை நான்கு நிமிடக் காணொளியாக எடுத்து யூடியூபில் ஏற்றினேன். அந்தக் கேள்வியைத் தேடல் பெட்டியில் தட்டுகிறவர்கள் ஆண்டுகள் கழிந்தும் அந்தக் காணொளிக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். வருகிறவர்களில் சிலர் எங்களிடம் பட்டு உண்டா என்று கேட்டு எழுதுகிறார்கள். விற்பதற்கு முன்பே நம்பிக்கை உண்டாகிவிட்டவர்கள் அவர்கள். விலையில் பேரம் பேசுவதில்லை. இதன்பின் சரிகை கறுக்காமல் சேலையை மடித்து வைப்பது பற்றியும், முதல் அலசலில் சாயம் இறங்குவது பற்றியும் அப்பாவே பேசினார்.

நடுவர் அவர்களே, இந்த இடத்தில் சற்று நின்று சொல்ல விரும்புகிறேன். இணைய விளம்பரத்தின் உண்மையான முதலீடு பணமன்று, தொழிலறிவு. கொலுசில் சலங்கை ஏன் உதிர்கிறது, வெள்ளி ஏன் கறுக்கிறது என்பது பட்டறைக்காரருக்குத் தெரியும். விளம்பர நிறுவனத்துக்குத் தெரியாது. ஒரு பொருளை அதன் ஊர்ப்பெயரோடு இணைத்துக் காக்கும் புவிசார் குறியீடு சேலம் வெண்பட்டுக்கு உண்டு. 2023ஆம் ஆண்டில் சேலம் ஜவ்வரிசிக்கும் கிடைத்தது. ஊரின் பெயரைத் தேடிக்கொண்டு வாங்குபவர் புறப்பட்டுவிட்டார். அவர் வந்து சேரும் வாசலில் செய்தவர் நிற்காவிட்டால், நம் ஊரைக் கண்ணால்கூடக் கண்டிராத ஒருவர் அங்கே நின்று விலை சொல்வார்.

பணம் கொடுத்துச் செய்யும் விளம்பரத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும், ஏனெனில் பலர் கையைச் சுட்டுக்கொள்வது அங்கேதான். அது ஏலம். நம் விளம்பரத்தை ஒருவர் தட்டினால் இவ்வளவு என்று ஏலத்தில் விலை அமைகிறது. கணக்குக்காக ஒரு தட்டலுக்கு 3 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 பேர் தட்டினால் 300 ரூபாய் செலவு. அவர்களில் இருவர் வாங்கி, சேலைக்கு 150 ரூபாய் நமக்கு நின்றால் வரவும் 300. முதல் விற்பனையில் மிச்சம் ஒன்றுமில்லை. அந்த இருவரில் ஒருவர் பொங்கலுக்குத் திரும்பி வந்து வாங்கும்போது விளம்பரச் செலவு கிடையாது, 150 ரூபாயும் நம்முடையது. ஆகவே வந்தவரைத் தக்கவைக்கத் தெரிந்தவர் இதில் பிழைக்கிறார். புதியவர்களை மட்டுமே விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருப்பவர் ஓட்டைக் குடத்தில் நீர் இறைக்கிறார். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் கடன் வாங்கி விளம்பரத்தில் இறங்கியவர்களின் துயரத்தை நான் மறுக்கவில்லை. நானும் ஒரு தீபாவளிக்கு, கேட்டவருக்கெல்லாம் கேஷ் ஆன் டெலிவரியில் அனுப்பி, மூன்றில் ஒரு பங்கு பார்சல் திரும்பி வந்து, போகவும் வரவும் இரட்டைக் கொரியர் கூலி கட்டியவள். அதன்பின் அனுப்பும் கூலியையாவது முன்பணமாக வாங்கிக்கொண்டே அனுப்புகிறேன். சேலையை வெயிலிலும் விளக்கொளியிலும் தனித்தனியாகக் காட்டிவிடுவதால், நிறம் மாறிவிட்டது என்று திருப்புவோரும் குறைந்துவிட்டார்கள்.

இனி, ஒரே இரவில் தெருவுக்கு வருவது பற்றி. அண்ணன் சொன்னது நடந்ததுதான். 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது டிக்டாக்கும் போயிற்று. அதில் மட்டுமே ஆளைச் சேர்த்திருந்தவர்கள் விடிந்ததும் தனியாக நின்றார்கள். 2021 அக்டோபர் 4 இரவு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. அந்த இரவு என் கடையும் இருண்டுதான் கிடந்தது. மறுநாள் காலையில், வாங்கியவர்களின் பெயர், ஊர், எண் ஆகியவற்றை நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்கினேன். தொடர்ந்து செய்தி அனுப்பலாமா என்று ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்டேன். அந்த மாதமே சொந்தப் பெயரில் ஓர் இணைய முகவரியும் பதிவு செய்தேன். முகவரிக்கு ஆகும் செலவு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் அளவில்தான். வாடகைக் கடையில் வணிகம் செய்யலாம், ஆனால் கணக்குப் புத்தகத்தைக் கடை உரிமையாளரிடம் விட்டுவிட்டு வரக் கூடாது. எந்தத் தளம் மூடினாலும் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு நான் வேறிடம் போவேன். முதலாளி பாவு தராத மாதத்தில் என் அப்பா எந்த நோட்டை எடுத்துக்கொண்டு எங்கே போயிருக்க முடியும் என்று எதிரணி சொல்லட்டும்.

அரசின் விதிகளும் மெல்ல இந்தப் பக்கம் திரும்புகின்றன. இணையச் சந்தைத் தளத்தில் பொருள் விற்க எவ்வளவு சிறியவரானாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும் என்றிருந்தது. 2023 அக்டோபர் 1 முதல், விற்பனை வரம்புக்குள் இருந்து தம் மாநிலத்துக்குள் மட்டும் விற்பவர்களுக்கு அந்தக் கட்டாயம் நீங்கியது.

ஓய்வைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். முதல் இரண்டு ஆண்டுகள் நானும் இரவு பதினொரு மணிக்கு விலை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன்; அந்த அளவில் அண்ணன் சொன்னது உண்மை. ஒரு நாள் இரவு எட்டு மணிக்கு மேல் தானாகப் போகும் பதிலை அமைத்துவிட்டுக் கைப்பேசியைச் சமையலறை அலமாரியில் வைத்தேன். வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொள்ளவில்லை, இரவில் எழுதினார்கள், காலை ஒன்பது மணிக்குப் பதில் பெற்றார்கள்.

என்னைவிட நல்ல சான்று மலை மேல் இருக்கிறது. ஏற்காடு இருக்கும் சேவராயன் மலையில் காபி வந்தது 1820களில், சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காலத்தில். சிறு விவசாயி பழத்தையோ உலர்ந்த கொட்டையையோ வியாபாரியிடம் போட்டுவிட்டு, அன்றைய விலையை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவதே வழக்கமாக இருந்துவந்திருக்கிறது. ஏற்காட்டில் எனக்குத் தெரிந்த ஒரு விவசாயக் குடும்பம் தன் விளைச்சலில் ஒரு பங்கை மட்டும் தானே வறுத்து அரைத்து இணையத்தில் விற்கிறது. ஆர்டர்களை வாரம் முழுவதும் சேர்த்து வைப்பார்கள். புதன்கிழமை மட்டும் வறுப்பார்கள். வியாழக்கிழமை இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கிச் சேலத்துக்குப் பார்சல் வரும். பழம் பறிக்கும் உச்ச மாதங்களில் கடையை மூடி, காத்திருக்கச் சொல்லி எழுதிவிடுகிறார்கள்; மழை மாதங்களில் உட்கார்ந்து, சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறும் விதத்தையும் வறுப்பின் பதத்தையும் எழுதிப் படமெடுத்து வைக்கிறார்கள். வாங்குபவர்கள் அந்த வியாழக்கிழமைக்குக் காத்திருக்கிறார்கள். இந்த ஒழுங்கை வைத்தது அந்தக் குடும்பம். எந்த நிறுவனமும் அன்று.

வகுப்பு நடத்தி ஏமாற்றுவோரைப் பற்றி நான் நீண்ட நேரம் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. அவர்கள் விஷயத்தில் எதிரணியோடு சேர்ந்து நிற்கிறேன். போலி வெள்ளி விற்றவர்கள் இருந்தார்கள் என்பதற்காகச் செவ்வாய்ப்பேட்டையில் யாரும் பட்டறையைப் பூட்டவில்லை, உரைத்துப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். வகுப்பெடுப்பவரிடம் ஒன்று கேளுங்கள்: இந்த வகுப்பைத் தவிர நீங்கள் இணையத்தில் விற்கும் பொருள் எது? பதில் இல்லாவிட்டால் எழுந்து வந்துவிடலாம். ஆளைச் சேர்த்தால்தான் பணம் என்று சொன்னால் அது வணிகமே அன்று. அத்தகைய பிரமிடுத் திட்டங்களை 2021ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகள் தடை செய்திருக்கின்றன.

அப்பா இப்போதும் தறி ஓட்டுகிறார். பாவை நாங்களே வாங்குகிறோம். முடியாத நாளில் தறியை நிறுத்திவிடுகிறார், யாரிடமும் கேட்பதில்லை. சென்ற தை மாதம், மதுரையில் தன் மகளின் வளைகாப்புக்கு எங்கள் சேலையை உடுத்திய ஓர் அம்மா படம் அனுப்பியிருந்தார். அதை அப்பாவிடம் காட்டினேன். முகத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, முந்தானையைப் பெரிதாக்கிப் பார்த்து, "இந்த ஓரத்தில் ஓர் இழை தளர்ந்திருக்கிறதம்மா, அடுத்த பாவில் சரிசெய்துவிடுகிறேன் என்று அவர்களுக்கு எழுது" என்றார். அந்தச் சேலைக்கு விலை வைத்தவரும் அவரே. தீர்ப்பை நடுவரிடம் விட்டு அமர்கிறேன். வணக்கம்.