சேலஞ்சரைக் காப்பாற்ற ஒரு குவளை ஐஸ் தண்ணீர்

(திரையில்: இரவு. ஒரு மேசை, அதன் நடுவே ஸ்பீக்கர் போன்.)

காலப் பயணக் கதைகளில் நாயகன் கடைசி நேரத்தில் ஓடிவந்து எச்சரிப்பான், எல்லோரும் பிழைத்துக்கொள்வார்கள். சேலஞ்சர் விண்வெளி ஓடத்துக்கு அந்தக் கதை செல்லாது. எச்சரிக்க வேண்டியவர்கள் அதை ஏவுவதற்கு முந்தைய இரவே எச்சரித்துவிட்டார்கள்.

1986 ஜனவரி 27. ஓடத்தை மேலே தள்ளும் பூஸ்டர் ராக்கெட்டைத் தயாரித்த மார்ட்டன் தையோகால் நிறுவனப் பொறியாளர்கள், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலிருந்து நாசாவோடு தொலைபேசியில் பேசுகிறார்கள். பூஸ்டரின் பாகங்கள் சேரும் இடத்தில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் உண்டு. குளிரில் அது விறைத்துவிடும், இடைவெளியைச் சட்டென்று அடைக்காது, கொதிக்கும் வாயு கசிந்துவிடும். அதுவரை ஏவியதிலேயே மிகக் குளிரான நாளில் வளையத்தின் வெப்பநிலை 12 டிகிரி செல்சியஸ். அன்றே அது சேதமாகியிருந்தது. அதற்குக் கீழே போனால் ஏவ வேண்டாம் என்றார்கள். நாசா அதிகாரிகள் விடாமல் மடக்கினார்கள். நிறுவன மேலாளர்கள் தங்களுக்குள் பேச ஐந்து நிமிடம் கேட்டார்கள். அரை மணி நேரம் கழித்து வந்து, ஏவலாம் என்றார்கள்.

மறுநாள் காலை, 2 டிகிரி குளிரில் ஓடம் கிளம்பியது. 73 விநாடிகளில் அது வானிலேயே சிதறி, எல்லாம் முடிந்தது. இறந்த ஏழு பேரில் ஒருவர் கிறிஸ்டா மெக்காலிஃப் என்ற ஆசிரியை. அவருடைய பள்ளி மாணவர்கள் நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, இப்போது நம் காலப் பயணி எங்கே போவான்? அந்த நிறுவனப் பொறியாளர்களில் ஒருவரான ரோஜர் பாய்ஜோலி 1985 ஜூலையிலேயே உயிர்ச்சேதம் வரும் என்று எழுதிக் கொடுத்திருந்தார். எதிர்காலத்திலிருந்து வந்தவன் அதைவிடப் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறான்?

(திரையில்: ஐஸ் மிதக்கும் குவளை.)

விபத்து நடந்து இரண்டு வாரம் கழித்து, பிப்ரவரி 11. விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன், கேமராக்களுக்கு முன்னால் அந்த ரப்பர் துண்டைக் கிளாம்பில் இறுக்கி ஐஸ் தண்ணீரில் போட்டார். எடுத்துத் தளர்த்தினால், ரப்பர் உடனே பழைய வடிவத்துக்கு வரவில்லை. பார்த்தவர்களுக்கு வேறு விளக்கமே தேவைப்படவில்லை.

நான் எழுதினால் நாயகன் கையில் அந்தக் குவளையைத்தான் கொடுப்பேன். ஆனால் நாசாவிடம் அவனால் அதைக் காட்ட முடியாது. அவர்கள் தொலைபேசியின் மறுமுனையில் இருக்கிறார்கள், கையில் ஃபேக்ஸில் வந்த தாள்கள் மட்டும். அதனால் அவன் யூட்டா அறைக்குத்தான் போக வேண்டும், அதுவும் அந்த அரை மணி நேரத்துக்குள். பாய்ஜோலி பழைய சேதத்தின் படங்களை மேலாளர்கள் முன் விரித்துக் காட்டித் தோற்ற அதே மேசையில், படங்களுக்குப் பக்கத்தில் குவளையை வைக்க வேண்டும்.

அவன் ஜெயித்துவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். ஏவுதல் தள்ளிப்போகிறது, வெயில் வந்த ஒரு நாளில் ஏழு பேரும் போய்த் திரும்புகிறார்கள். அப்புறம்? குறையுள்ள அதே இணைப்பு மற்ற ஓடங்களின் பூஸ்டர்களிலும் இருக்கிறது. உண்மையில் அதை மாற்றி வடிவமைத்தது விபத்துக்குப் பிறகுதான். அடுத்த ஓடம் கிளம்ப 1988 செப்டம்பர் 29 ஆனது.

ஆகவே என் கதை அந்த இரவோடு முடியாது. ஏழு பேரும் உயிரோடு இருக்கும் ஒரு காலையில், நாயகன் குவளையோடு அதே அறைக்குத் திரும்பி வருகிறான். இந்த முறை அவனை நம்பவைப்பது இன்னும் கடினம். யாருக்கும் எதுவும் ஆகவில்லையே.